மறு: 'சர்வைவர்' என்பதற்கு ஒரு சொல்: மீண்டவரா, தப்பியவரா, மீள்பவரா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வி கேட்ட நண்பர் ஒரு சட்ட உதவிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். அதை மறந்துவிட்டு நாம் அகராதிகளுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு வேண்டியது மூன்று சொற்கள்: 'சர்வைவர்' (குற்றத்தின் பாதிப்பைத் தாண்டி வாழ்பவர்), 'கம்யூனிட்டி ஆர்கனைசிங்' (மக்கள் ஒன்றுசேர்ந்து அமைப்பாவது), 'அட்வகசி' (மாற்றம் கேட்டு அதிகாரத்திடம் பேசுவது). வன்குற்றத்துக்கு ஆளானவர்கள் தாங்களே ஒன்றுசேர்ந்து, சட்டத்தையும் நிர்வாகத்தையும் மாற்றச் சொல்லிப் போராடுவதைப் பற்றிய அத்தியாயத்தில் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அதனால் ஒன்றை முடிவுசெய்துவிட்டு மற்றதற்குப் போக முடியாது. சேர்த்தே பார்க்க வேண்டும்.

> 'பாதிக்கப்பட்டவர்' போதுமே. எல்லாப் பத்திரிகையும் அதைத்தான் எழுதுகிறது.

போதாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இங்கே இருவர் சொன்ன காரணம், அதாவது 'செயப்பாட்டு வினை, ஆகவே பலவீனமான சொல்' என்பது, எனக்கு ஒப்பவில்லை. இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே நெடுங்காலம் 'காணாமல் போனோர்' என்றே எழுதிவந்தார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அலுவலகத்தின் பெயரே 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'தான். பிள்ளைகளையும் கணவரையும் தேடிக்கொண்டிருந்த குடும்பங்கள் இதை ஏற்கவில்லை. குடை காணாமல் போகும், சாவி காணாமல் போகும். இராணுவத்திடம் கையளித்த பிள்ளை எப்படிக் காணாமல் போவான்? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் தங்களை 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்று சொல்லிக்கொண்டார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பந்தல்களில் அதே சொல். இன்று ஈழத்துப் பத்திரிகைகள் பெரும்பாலும் அப்படியே எழுதுகின்றன.

கவனியுங்கள், அவர்கள் தேர்ந்தெடுத்தது செயப்பாட்டு வினையைத்தான். 'போனோர்' என்றால் செய்தவன் யாருமில்லை. 'ஆக்கப்பட்டோர்' என்றதுமே 'ஆக்கியவர் யார்?' என்ற கேள்வி எழுகிறது. 'வலிந்து' அதை இன்னும் அழுத்துகிறது. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி முடிவெடுத்துச் செய்த சொல் இல்லை இது. படங்களை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருந்தவர்கள் நிலைநிறுத்தியது.

இந்த உரைகல்லில் 'பாதிக்கப்பட்டவர்' தேறுவதில்லை. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர், கொரோனாவால் பாதிக்கப்பட்டவர், நிலத்தடி நீர் குறைந்ததால் பாதிக்கப்பட்ட விவசாயி என்று எல்லாருக்கும் அதே சொல். ஒருவன் திராவகத்தை வாங்கி, ஆள் வரும் வழியில் காத்து நின்று வீசியதும், மழை கொட்டியதும் ஒரே வகை நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. குற்றம் என்ற செய்தியே சொல்லில் இல்லை. எனவே பொதுவான இடங்களில் 'குற்றத்துக்கு ஆளானவர்', அழுத்தம் வேண்டிய இடங்களில் 'வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டவர்' என்று எழுதலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சட்டம் பேசும் பக்கங்களில் 'பாதிக்கப்பட்டவர்' என்பதைத் தொடாதீர்கள். இந்தியாவின் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கென வரையறை வந்ததே 2009இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால்தான். காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் அந்த வரையறைக்குள் வருவார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமை, அரசிடம் இழப்பீடு கேட்கும் உரிமை எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்குகின்றன. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதும் பெண் 'நான் மீள்பவர்' என்று எழுதினால், எழுத்தர் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2018இல் கொண்டுவந்த பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'விக்டிம்', 'சர்வைவர்' என்ற இரண்டு சொற்களும் நடுவில் ஒரு சாய்கோட்டோடு நிற்கின்றன. அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று சொல்லும் திட்டம் அது. தலைப்பு எழுதியவருக்கும் நம்மைப் போலவே திண்டாட்டம் போல! தமிழிலும் அந்த இடத்தில் இரண்டையும் போட்டுவிடுவதே நல்லது.

சரி, 'சர்வைவர்' என்ன ஆவது?

> தப்பியவர் / தப்பிப்பிழைத்தவர்

'தப்பியவர்' என்றதும் எனக்குக் காவல் நிலையச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. நம் பத்திரிகைத் தமிழில் தப்பி ஓடுவது பெரும்பாலும் குற்றவாளி. தவிர, முகத்தில் திராவகம் வாங்கியவர் எதிலிருந்து தப்பினார்?

> உயிர்பிழைத்தவர்

ஆழிப்பேரலைக்கும் விபத்துக்கும் பொருந்தும். ஆனால் கொலையுண்டவரின் தாய் என்ன ஆவார்? அவர் உயிருக்கு அன்று ஆபத்தே இல்லை. இத்தகைய அமைப்புகளை நடத்துபவர்களில் பலர் கொலையுண்டவர்களின் குடும்பத்தார். அவர்களை வெளியே நிறுத்தும் சொல் கையேட்டுக்கு உதவாது.

> மலையாளத்தில் 'அதிஜீவித' வந்துவிட்டது. நாமும் எடுத்துக்கொள்ளலாமே.

மலையாளக் கதை சுவையானது. 2017இல் கொச்சியில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட வழக்கின்போது அங்குள்ள ஊடகங்கள் 'இர' என்று எழுதின. நம் 'இரை'தான் அது. பெண்ணை இரை என்று நாளெல்லாம் எழுதுவதா என்று எதிர்ப்புக் கிளம்பி, 'அதிஜீவித' மெல்ல இடம் பிடித்தது. அவர்களுக்கு அந்த மாற்றம் அவசியம். நமக்கு 'இரை'யும் இல்லை, 'அதிஜீவித'வும் காதில் ஒட்டாது. 'அதிசீவி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏதோ அறிவியல் புனைகதைப் பாத்திரம் போல இருக்கிறது, மன்னிக்கவும்.

மிஞ்சுவது 'மீண்டவர்'. புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்று சரளமாகச் சொல்கிறோம். நல்ல தமிழ், எல்லாருக்கும் புரியும். என் தயக்கம் அதன் காலத்தில் இருக்கிறது. இறந்தகாலம். வேலை முடிந்துவிட்டது என்கிறது.

2023இல் அமில வீச்சுக்கு ஆளான ஒரு பெண் வங்கியில் கணக்குத் திறக்கப் போனார். அடையாளச் சரிபார்ப்புக்காகக் கேமரா முன் கண் இமைக்கச் சொன்னார்கள். ஆள் உயிரோடுதான் நிற்கிறார் என்று கணினிக்குத் தெரிய வேண்டுமாம். அவருடைய இமைகளோ அமிலத்தில் சிதைந்தவை; இமைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 ஏப்ரல் 30 அன்று, மின்னணுச் சேவைகளை அணுகுவதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. கண் இமைத்தல் தவிர வேறு வழிகளிலும் ஒருவர் உயிரோடிருப்பதை உறுதிசெய்ய வழி வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. தாக்குதல் நடந்து பல ஆண்டுகள் கழித்து, எத்தனையோ அறுவைச் சிகிச்சைகளுக்கு அப்புறம் நடந்த கதை இது. அவரை 'மீண்டவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் இன்னும் மீண்டுகொண்டிருக்கிறார், அதோடு வழக்கும் நடத்தினார்.

ஆகவே என் பரிந்துரை 'மீள்பவர்', பன்மையில் 'மீள்வோர்'. தமிழில் இந்த வடிவம் எதிர்காலத்தையும் வழக்கத்தையும் சேர்த்தே குறிக்கும். நேற்று மீளத் தொடங்கியவருக்கும் பொருந்தும், முப்பது ஆண்டாக மீள்பவருக்கும் பொருந்தும், மகனைக் கொலையில் இழந்த தாய்க்கும் பொருந்தும். 'மீண்டெழுந்த வீராங்கனை' வகையறாவும் வேண்டாம். அது ஞாயிறு இணைப்பிதழின் தலைப்புக்கு ஆகும். எழ முடியாத நாளில் அந்தப் பெண் என்ன செய்வார்?

அடுத்தது 'கம்யூனிட்டி ஆர்கனைசிங்'. 'சமூக அணிதிரட்டல்' என்ற முன்மொழிவுக்கு நிறையப் பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். பிறர் வந்து திரட்டும்போது அது சரி. இந்த அத்தியாயத்தில் திரட்டுவது யார்? திரள்/திரட்டு என்ற தன்வினை பிறவினை வேறுபாட்டை நம் மொழி இவ்வளவு எளிதாகக் கையில் கொடுத்திருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? அவர்கள் தாமாகத் திரள்கிறார்கள். 'அணிதிரள்தல்' அல்லது 'அணிதிரள்வு' என்றே வைக்கலாம்.

இதற்கு நல்ல சான்று தென்னாப்பிரிக்காவின் குலுமானி. 1995இல், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணையத்தின் காலத்தில், நிறவெறி ஆட்சியின் வன்முறையிலிருந்து மீள்வோரும் இறந்தோரின் குடும்பத்தாரும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. சூலு மொழியில் 'குலுமானி' என்றால் 'பேசுங்கள்' என்ற ஏவல். ஆணையம் 'பாதிக்கப்பட்டோர்' என்று ஏறக்குறைய 22,000 பேரைப் பட்டியலிட்டது. 2003இல் அரசு அவர்களுக்கு ஆளுக்கு 30,000 ராண்டு ஒரே தடவையாகக் கொடுத்தது. ஆணையம் பரிந்துரைத்ததோ ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை. பட்டியலில் ஏறத் தவறியவர்களுக்கு அதுவும் இல்லை. மூடிய பட்டியலைத் திறக்கச் சொல்லிக் குலுமானி விடாமல் கேட்டுவந்தது. அங்கே 'பாதிக்கப்பட்டவர்' அரசு வைத்திருந்த பட்டியலின் பெயர். பட்டியலுக்கு உள்ளே இருந்தவரும் வெளியே இருந்தவரும் ஒன்றாக நின்ற இடம் குலுமானி. நம் கையேடும் 'பாதிக்கப்பட்டவர்', 'மீள்வோர்' என்ற இரண்டு சொற்களை வேறுவேறாக வைத்திருப்பது இதற்காகத்தான் நல்லது.

கடைசியாக 'அட்வகசி'. 'பரிந்து பேசுதல்' தொண்டு நிறுவனத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. பிறருக்காகப் பேசுகையில் சரி. தனக்காகத் தானே பேசுபவர் தன்மேல் பரிவு கொண்டா பேசுகிறார்? 'வக்காலத்து' பழைய நல்ல சொல்தான். ஆனால் 'வக்காலத்து வாங்காதே' என்று சண்டையில் சொல்லிச் சொல்லி அதைக் கெடுத்துவிட்டோம். 'பரப்புரை' ஊரைப் பார்த்துப் பேசுவது. இதுவோ முடிவெடுக்கும் நாற்காலியைப் பார்த்துப் பேசுவது.

தில்லியில் 2005இல் பதினைந்து வயதில் அமிலம் வீசித் தாக்கப்பட்ட லட்சுமி அகர்வால் 2006இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுப் போட்டபோது கேட்டது கடைகளில் அமிலம் விற்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லி. 2013 ஜூலையில் வந்த உத்தரவு அப்படியே கடைக்குள் நுழைகிறது: வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு எழுதப் பதிவேடு, அரசு தந்த படம் ஒட்டிய அடையாள அட்டை, என்ன தேவைக்கு என்ற காரணம், 18 வயதுக்குக் கீழே விற்பனை இல்லை, இருப்பைக் கோட்ட நடுவரிடம் தெரிவிக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். கழிப்பறை கழுவும் அமிலம் இன்றும் தெருவில் சாதாரணமாகக் கிடைக்கிறது என்பது வேறு கதை. அதனால்தான் மீள்வோர் மறுபடி மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2013இலேயே அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அமில வீச்சுக்கென 326ஏ, 326பி என இரண்டு பிரிவுகள் தனியாகச் சேர்ந்தன. 2014 டிசம்பரில் ஆக்ராவில் மீள்வோரே நடத்தும் சிற்றுண்டிச்சாலை திறந்தது. உணவுப் பட்டியலில் விலை கிடையாது, விரும்பியதைக் கொடுக்கலாம். தாஜ்மகால் பார்க்கப் போனவர்கள் முகத்தை மூடாத பெண்களிடம் தேநீர் வாங்கிக் குடித்தார்கள்.

இத்தனையையும் தாங்க எனக்குத் தோன்றும் சொல் 'வலியுறுத்தல்'. இது அன்றாடச் சொல், கலைச்சொல்லாகாது என்று ஒருவர் எழுதுவார் என்று தெரியும். கையேட்டைப் படிக்கப் போகிறவர் அன்றாடத்தில் இருப்பவர், அது போதும். துறைப்பெயராக வேண்டிய இடத்தில் 'உரிமை வலியுறுத்தல்' என்க. செய்பவரை 'வலியுறுத்துநர்' என்று ஆக்க வேண்டாம், நாக்கு சுளுக்கும். 'செயற்பாட்டாளர்' இருக்கவே இருக்கிறது.

கையேட்டுக்காரருக்கு ஒரு மாதிரி வாக்கியம்: 'மீள்வோர் அணிதிரண்டு, அமில விற்பனையைக் கட்டுப்படுத்த வலியுறுத்தினர், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் உங்களுக்குள்ள இழப்பீட்டு உரிமை அடுத்த பக்கத்தில் உள்ளது.' வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், இடறவில்லை.

ஒன்று மட்டும் யாழ்ப்பாணத்து அக்காவிடமும் மட்டக்களப்பு நண்பர்களிடமும் கேட்க வேண்டும். உங்கள் பக்கம் 'மீள்குடியேற்றம்' என்பது அலுவலகச் சொல்லாய் நிலைத்துவிட்டது. 'மீள்வோர்' என்று தனியே எழுதினால் ஊர் திரும்பியோர் என்று வாசிக்கப்படுமா? அப்படியென்றால் இலங்கைப் பதிப்பில் முதல் தடவை வரும் இடத்தில் 'வன்முறையிலிருந்து மீள்வோர்' என்று முழுதாய்ப் போட்டுவிட்டு அப்புறம் சுருக்கலாம். கையேடு அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள்.

அன்புடன்.