புதுப்பிப்பு: டர்போ சி-யில் படம் மினுங்கும் சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டர்போ சி என்ற பழைய சி மொழித் தொகுப்பியில் எழுதி, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் என் சிறு விளையாட்டுக்கு, டர்போ சி-யோடு வரும் வரைகலை நூலகமான பிஜிஐ போதுமா, விஜிஏ திரை அட்டையின் நினைவகத்தில் நேரடியாக எழுதுவதா என்று கேட்டிருந்தேன். பிஜிஐயில் பந்து நகரும்போது மினுங்கியது.

பிஜிஐயையே வைத்துக்கொண்டேன். விஜிஏஹை திரை முறையில் (640×480) ஒரே பக்கம்தான் (பக்கம் என்றால் ஒரு முழுத்திரைப் படத்துக்கான நினைவக இடம்), விஜிஏமெட் (640×350) என்றால் இரண்டு என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. செட்ஆக்டிவ்பேஜ் கட்டளை போட்டு மறைந்த பக்கத்தில் வரைந்து, செட்விஷுவல்பேஜால் திரைக்குக் கொண்டுவந்தேன். மினுக்கம் போயே போச்சு. நிறம் 16தான், எனக்குப் போதும்.

எதிர்பாராத ஒன்று: இந்த முறையில் புள்ளிகள் சதுரமில்லை. சர்க்கிள் கட்டளை அதைத் தானே சரிசெய்கிறது. நானே புள்ளி வைத்து வரைந்த பந்து முட்டையாகிவிட்டது. புள்ளியின் அகல-உயர விகிதத்தைச் சொல்லும் கெட்ஆஸ்பெக்ட்ரேஷியோ தரும் எண்களால் உயரத்தைச் சுருக்கியதும் சரி. பெருக்கும்போது லாங் (32 பிட் முழு எண் வகை) போடுங்கள், 16 பிட் இன்ட் அவ்வளவு பெரிய விடையைத் தாங்காது.