120 வோல்ட் கிட்டார் ஆம்ப்பை 230-க்கு மாற்றியதும் ஃபியூஸ் போகிறது

கேட்பவர்:
வணக்கம். இது 120 வோல்ட்டுக்குச் செய்த 50 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப். பவர் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு 120 வோல்ட் பிரைமரி (லைன் மின்சாரம் வந்து சேரும் சுருள்) இருக்கின்றன. ஸ்டிக்கரில் 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. பேரலலாக இருந்த இரண்டையும் சீரிஸில் மாற்றி, 2 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ போட்டேன். ஃபேன் 120 வோல்ட் என்பதால் அதன் ஒயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

எல்லா வால்வையும் எடுத்துவிட்டு 100 வாட் குண்டு பல்ப் போட்ட சீரிஸ் போர்டில் (மின்சாரம் பல்ப் வழியாகத்தான் ஆம்ப்புக்குப் போகும், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசாக எரியும்) கொடுத்தபோது, பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கியது. சரி என்று நேரடியாகக் கொடுத்தேன். ஓரிரு நொடியில் டப் என்ற சத்தம், ஃபியூஸ் போய்விட்டது. இப்போது அதே சீரிஸ் போர்டில் பல்ப் முழு வெளிச்சத்தில் எரிகிறது. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதா? இந்த ஆம்ப்புக்கு அசல் டிரான்ஸ்ஃபார்மர் இனிக் கிடைக்காது, அதுதான் கவலை.

பதில் 1:
சீரிஸில் சேர்க்கும்போது ஒன்றின் முடிவு மற்றதன் தொடக்கத்தோடு சேர வேண்டும். திருப்பிச் சேர்த்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும், மின்னோட்டத்தைத் தடுக்கக் கம்பியின் ஓம் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அப்படி இருந்தால் முதல் தடவையே பல்ப் முழுசாக எரிந்திருக்கும். இருந்தாலும் பார்த்துவிடுங்கள்: பிரைமரி ஒயர்களை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, இரண்டின் இணைப்பை மட்டும் அப்படியே விட்டு, ஒரு பிரைமரிக்குச் சிறிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 12 வோல்ட் ஏசி கொடுங்கள். வெளி முனைகள் இரண்டுக்கும் நடுவில் 24 வந்தால் சரி. கிட்டத்தட்ட சுழி வந்தால் ஒன்றைத் திருப்ப வேண்டும். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

முக்கியமான விஷயம்: வால்வு இல்லாததால் ஹெச்டி (உயர் வோல்டேஜ் டிசி) கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நிற்கலாம். பெரிய வாட் ரெசிஸ்டர் வைத்துச் சார்ஜை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.

கேட்பவர்:
கெப்பாசிட்டரை இறக்கிவிட்டேன். வெளி முனைகளில் 24.3 வருகிறது. பிரைமரிகள் 2.4, 2.6 ஓம். ஆக டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகத்தான் இருக்கிறதா?

பதில் 2:
அந்த அளவெல்லாம் ஒரு நல்ல டிரான்ஸ்ஃபார்மர் தரும் அளவுதான். அதை அப்படியே கழற்றிய நிலையில் வைத்து, பிளக்கை உருவிவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஓம் பாருங்கள். அங்கே குறுக்கே நீல நிறத்தில் வட்டமான பில்லை மாதிரி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் மேலே என்ன எழுதியிருக்கிறது?

கேட்பவர்:
0.4 ஓம் காட்டுகிறது! பில்லை இருக்கிறது, ஓரத்தில் வெடித்துக் கருகியிருக்கிறது. எழுத்து 14டி 241கே.

பதில் 2:
அதுதான். அது வாரிஸ்டர், எம்ஓவி என்பார்கள். லைனில் திடீரென்று வோல்டேஜ் எகிறினால் தான் கடத்தி மற்றதைக் காப்பாற்றும். 241 என்றால் 24-க்குப் பின் ஒரு சுழி, அதாவது சுமார் 240 வோல்ட் டிசியில் கடத்த ஆரம்பிக்கும். ஏசியில் 150 வரைதான் தாங்கும். 120 வோல்ட் ஏசியின் உச்சம் 170, அதனால் அங்கே சும்மா இருந்தது. 230-இன் உச்சம் 325. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கடத்திச் சூடேறி ஷார்ட் ஆகிவிட்டது. முதல் தடவை பல்ப் மின்னோட்டத்தை அடக்கி வைத்ததால் அது தப்பித்தது, உங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அதே இடத்தில் 275 வோல்ட் ஏசி தாங்கும் 14டி 431கே போடுங்கள். பக்கத்தில் லைனுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இருந்தால் அதுவும் 275 வோல்ட் எக்ஸ்2 (லைனுக்குக் குறுக்கே போடவென்றே செய்த) வகையா என்று பாருங்கள். சாதாரண டிசி கெப்பாசிட்டர் அங்கே கூடவே கூடாது. வோல்டேஜ் மாற்றுகிறவர்கள் எல்லாரும் டிரான்ஸ்ஃபார்மரையே பார்க்கிறார்கள். பிளக்குக்கும் அதற்கும் நடுவில் லைனில் தொங்குகிற ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்: நியான் விளக்கு, ஃபேன், பின்பக்கம் கூடுதல் சாக்கெட் இருந்தால் அதுவும்.

கேட்பவர்:
மாற்றிவிட்டேன். சீரிஸ் போர்டில் பல்ப் மங்கியது, நேரடியாகவும் ஃபியூஸ் நிற்கிறது. வால்வு எல்லாம் போட்டபின் ஹீட்டர் 6.1 வோல்ட். இது குறைவா? ஃபேனை என்ன செய்வது?

பதில் 1:
240-க்கான சுற்றில் 230 கொடுக்கிறீர்கள், அதனால் நாலு சதவீதம் குறையும். 6.3-க்கு 6.1 வால்வுக்கு நல்லதுதான். பயாஸ் (பவர் வால்வுகளில் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஃபேனை ஒரே ஒரு பிரைமரிக்குக் குறுக்கே கொடுங்கள், அங்கே 115 வோல்ட்தான் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அது பெரிய பாரமில்லை. 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், பரவாயில்லை. பின்பலகையில் 230 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதி ஒட்டுங்கள். நாளை யாராவது பழைய எழுத்தைப் பார்த்து 2 ஆம்பியர் போட்டுவிடக் கூடாது.