சைக்கிளுக்கு மட்கார்டு எப்போது மாட்டினீர்கள்?

தரமணிவாசி:

நான் வாங்கியது கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள். மட்கார்டு வேண்டுமா என்று கடையிலேயே கேட்டார்கள். அழகு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில்தானே தொடங்கும், அதுவரை சென்னையில் எதற்கு என்பது என் கணக்கு.

ஆகஸ்ட்டிலேயே கணக்கு தப்பியது. இங்கே அந்த மாதங்களில் மாலையில் இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். விடிந்தால் வானம் பளிச்சென்று இருக்கும். அப்படி ஒரு காலையில் திருவான்மியூரிலிருந்து கிளம்பினேன். தூறல்கூட இல்லை. அலுவலக வாசலில் காவலாளி, "சார், முதுகில் தண்டவாளம் போட்டிருக்கிறீர்களே" என்றார். இடுப்பிலிருந்து காலர் வரை நாலு விரல் அகலத்துக்குக் கரும்புள்ளிகள். வெள்ளைச் சட்டை வேறு. சேற்றுத் தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அடித்தது சாக்கடை வாடை.

மழைக்கு ரெயின்கோட் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துப்போகத் தோன்றாத நாளில்தான் சாலை நம்மைக் குளிப்பாட்டுகிறது. மழை அரை மணி நேரத்தில் விட்டுவிடும். குட்டை நாலு நாள் கிடக்கும்.

முன்சக்கரத்தின் சேட்டை உடனே தெரியாது. அது வாரியடிப்பது காலணியிலும் செயினிலும். மணல் ஏறிய செயின், பெடலை மிதிக்கும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபட்டதுபோல் நறநறத்தது.

முதலில் சீட்டுக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் துண்டு வாங்கினேன். வீண். பிறகுதான் கம்பி வைத்த முழு மட்கார்டு. என் டயர் 35 மி.மீ.; மட்கார்டு 45 மி.மீ. அகலம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் பின் அச்சுக்கு அருகிலும் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டுவதற்கு ஓர் ஆலன் சாவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் போதும். டயரில் உரசுகிற சத்தத்தை ஒழிப்பதிலேயே பாதி நாள் போனது. மூன்று வருடமாகிறது, கோடையிலும் கழற்றவில்லை.

கரிசல்காட்டுக்காரன்:

எங்கள் ஊரில் கேள்வியே வேறு: எப்போது கழற்றுவது? கோவில்பட்டிப் பக்கம். மழை பெய்த கரிசலில் பத்து கஜம் போவதற்குள் மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்தால் அடுத்த பத்து கஜம். பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் என்னைச் சுமந்ததைவிட நான் அதைச் சுமந்ததுதான் அதிகம். ஐப்பசி பிறந்ததும் அப்பா இரண்டு மட்கார்டையும் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார். இப்போது திருநெல்வேலியில் தார்ச்சாலையில் போகிறேன், மட்கார்டு இருக்கிறது. ஆனாலும் டயருக்கும் அதற்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறதா என்று பார்க்கிற பழக்கம் போகவில்லை.

அடையாறு அம்மா:

நானும் மகளும் காலையில் ஒன்றாகவே கிளம்புவோம். அவள் பள்ளிக்கு, நான் வங்கிக்கு. என் சுடிதார் பாழானபோதெல்லாம் எனக்கு மாட்டத் தோன்றவில்லை. ஒரு நாள் சிக்னலில் திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்தவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் என் சக்கரம் அடித்த சேறு. அன்று மாலையே கடைக்குப் போனோம். பின் மட்கார்டு கொஞ்சம் குட்டை. தண்ணீர் அப்போதும் பின்னால் தெறிக்கும் என்றார் கடைக்காரர். பழைய டியூபிலிருந்து உள்ளங்கை அளவு வெட்டி, அதன் நுனியில் திருகிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.