புயலூட்டு வெப்ப இருப்பு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழுவினர்க்கு வணக்கம்.

கடலின் மேலடுக்கில் புயலுக்கெனச் சேர்ந்து கிடக்கும் வெப்பத்தைக் குறிக்கும் ‘Tropical Cyclone Heat Potential’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘வெப்பமண்டலச் சூறாவளி வெப்பத் திறன்’ என்று முன்மடலில் பரிந்துரைக்கப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. ‘வெப்பம்’ இருமுறை வருவது இருக்கட்டும்; நம் பள்ளிப் பாடநூல்களில் ‘திறன்’ என்பது வாட் அலகில் அளக்கப்படுவது. இங்கே பேசப்படுவதோ ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு இத்தனை கிலோஜூல் என்று கணக்கிடப்படும் ஆற்றல்.

கடல் மேற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புயல் உருவாகலாம் என்று செய்திகளில் படிக்கிறோம். அந்தச் சூடு சுமார் 50 மீட்டர் ஆழம் வரை இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. கடல்நீர் ஆவியாகி, மேலெழுந்து, குளிர்ந்து துளிகளாகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பமே புயலை இயக்குகிறது. ஆனால் அதே புயலின் காற்று கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்துவிடுவதால், சூடான அடுக்கு மெல்லியதாக உள்ள இடத்தில் மெதுவாக நகரும் புயல் தன் காலடியைத் தானே குளிரவைத்துத் தளர்ந்துபோகும். வங்கக் கடலின் வடபகுதியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து, குளிர்நீர் இப்படி மேலே வந்து கலப்பதைத் தடுப்பதும் உண்டு. மேற்பரப்புச் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது என்பதால்தான் 26 டிகிரி நிலவும் ஆழம் வரை இறங்கி, அந்த 26 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தை மட்டும் கூட்டிக் கணக்கிடுகிறார்கள்.

இதற்கு ‘இருப்பு’ என்ற சொல்லே பொருந்தும். பவானிசாகர் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதோடு பெருந்துறை, காங்கயம் பக்கத்துக் கீழ்பவானிப் பாசனத்தார் நிற்பதில்லை, எத்தனை டி.எம்.சி. இருப்பு என்று பார்த்துத்தான் நிலக்கடலைக்கு எத்தனை நனைப்பு (முறை வைத்து விடும் பாசனம்) கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். மேற்பரப்பு வெப்பநிலை அடிக்கணக்கைப் போன்றது; நமக்கு வேண்டியது டி.எம்.சி. கணக்கு.

‘புயல்வெப்பம்’ என்ற இன்னொரு பரிந்துரை சுருக்கமானதே. எனினும் அது புயலுக்குள் இருக்கும் வெப்பம் என்று பொருள்படும். ‘புயலாக்கு வெப்பம்’ என்பதோ மிகைக்கூற்று. வளிமண்டலத்தின் மேலடுக்கிலும் கீழடுக்கிலும் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறுபட்டால், எவ்வளவு சூடான கடலிலும் புயல் திரளாது; நிலநடுக்கோட்டை ஒட்டிய 5 டிகிரிக்குள் புவிச்சுழற்சியின் விளைவு போதாமையால் புயல் உருவாவது மிக அரிது. கடல் புயலை ஊட்டுகிறது. அது மட்டுமே புயலை ஆக்கிவிடுவதில்லை.

ஆகவே ‘புயலூட்டு வெப்ப இருப்பு’ என்பதை முன்மொழிகிறேன். ‘இருப்பு கூடியது’, ‘இருப்பு கரைந்தது’ என்று வானிலை அறிக்கையில் தடையின்றி எழுதலாம். 26 டிகிரி ஆழத்துக்குத் தனிச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் எழுதுக.