ஹிட்ச்காக்கின் 'தி ஃபார்மர்ஸ் வைஃப்': நல்ல பிரதி எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஹிட்ச்காக் 1928-இல் எடுத்த 'தி ஃபார்மர்ஸ் வைஃப்' மௌனப் படத்தின் தெளிவான பிரதியைத் தேடுகிறேன். திகில் படங்களுக்குப் பேர்போனவர் எடுத்த அருமையான நகைச்சுவை இது. மனைவியை இழந்த பண்ணைக்காரர், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மின்டாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்களின் பட்டியல் போடுகிறார். ஒருத்தியிடம் கல்யாணப் பேச்சை எடுக்கும்போது அவள் கையிலிருக்கும் ஜெல்லி கிடுகிடுவென்று நடுங்கும். வசனமே வேண்டாம்!

இணையத்தில் அகப்பட்ட பிரதியில் முகங்களெல்லாம் வெளுத்துக் கிடக்கின்றன. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் புதுப்பித்த ஒன்பது ஹிட்ச்காக் மௌனப் படங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பிரதி ப்ளூ-ரேயிலோ ஓடிடியிலோ இந்தியாவில் கிடைக்கிறதா? அப்பாவுக்குக் காது மந்தம், அவரோடு உட்கார்ந்து பார்க்க ஆசை. அதனால் நடுவே வரும் எழுத்து அட்டைகள் பளிச்சென்று படிக்கும்படி இருக்கின்றனவா என்பதையும், பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.