தரம் 8 பிள்ளைகளின் கதைக்கு ஆள் தேவை

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறேன். உலகப் பண்பாடுகளைக் குறிப்பாகக் கொடுத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சரி என்று கதையாக்கினேன்: நோர்வேயின் வடக்கில் துருவமான் மேய்க்கும் சாமி இனச் சிறுமி வழிதவறுகிறாள். அவள் எதைச் சாப்பிடுவாள், எங்கே படுப்பாள் என்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்தால்தான் அடுத்த அத்தியாயம். 'லாவ்வு' என்னும் அவர்களுடைய கூம்புக் கூடாரத்தின் படத்தைக் காட்டியதும், "எங்கட அம்மாவும் கூடாரத்தில இருந்தவவாம் ரீச்சர்" என்றாள் ஒருத்தி. வகுப்பே அதைப் பற்றித்தான் கதைத்தது, நான் மறிக்கவில்லை.

இப்போது பிள்ளைகளிடம் புத்தகத்தில் கிடைக்காத கேள்விகள். பனிக்கு அவர்களிடம் எத்தனை சொல்? மான்குட்டிக்கு யார் பெயர் வைப்பது? நோர்வேயில் இருப்பவர்களே, தெரிந்த சாமி நண்பர் யாராவது இருந்தால் இரண்டு நிமிடக் குரல்பதிவு வாங்கித் தருவீர்களா? தமிழில் நீங்களே சொன்னாலும் போதும். வீடியோ வேண்டாம், எங்கள் சிக்னலுக்கு இறங்காது.