பெத்தாய் கொண்டுவந்த பெண்மணி

லயத்துப்பிள்ளை:
2024 டிசம்பரில் மலேசியாவின் காலைப் பசியாறலை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரேக். எங்கள் வீட்டிலும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் அன்றைக்கு முழுக்க செமாய் என்ற காட்டுப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் முகம்தான் கண்முன் நின்றது.

நான் வளர்ந்தது பேராக்கில், தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் காடு. காய்க்கும் காலத்தில் அந்த அம்மா முதுகில் பிரம்புக் கூடையோடு வருவார், உள்ளே பெத்தாய் என்ற கடும் வாசனையுள்ள காட்டு அவரைக்கொட்டை, மூங்கில் குருத்து, பாக்கு கீரை என்ற பெரணிக் கொழுந்து. காசு வாங்கமாட்டார். உப்பு, காய்ந்த மிளகாய், கருவாடு கொடுத்தால் போதும். சேலத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டிக்கு முதலில் பெத்தாய் வாசனையே பிடிக்கவில்லையாம். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளில் அவர் கைப்பக்குவமே அதுதான். கொட்டை ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் பெலாச்சான் என்ற இறால் விழுதோடு அரைத்த மிளகாய், நெத்திலி, புளி, கடைசியில் ஒரு கொத்து கறிவேப்பிலை. கறிவேப்பிலை போட்ட பெத்தாய் சம்பாலைத் தோட்டத்துக்கு வெளியே நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கண்ணிலேயே படாதபோது லயமே மரவள்ளியில்தான் உயிர் பிழைத்தது என்பார் பாட்டி. கிழங்கு மட்டுமில்லை, கொழுந்தும். அதை முதலில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விஷம் என்று சொல்லிக் கொடுத்ததும் காட்டு ஜனங்கள்தானாம். உங்கள் வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்குமே, எழுதுங்கள்.

கடைக்காரர் மகன்:
அக்கா, படித்ததும் எங்கள் அத்தா ஞாபகம் வந்துவிட்டது. ராமநாதபுரத்துக்காரர், பினாங்கில் கடை. நாசி கண்டார் என்றால் எல்லோருக்கும் தெரியும், 'கண்டார்' என்பது தோளில் போடும் காவடிக் கம்பு, இரண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்ற காலத்துப் பெயர். நான் சொல்ல வந்தது மீ கோரேங், வதக்கிய நூடுல்ஸ். மஞ்சள் மீயும் தௌகு என்ற சோயாக்கட்டியும் அடுத்த தெருச் சீனர் ஒருவர் விடியற்காலையில் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார். அத்தா அரைத்து வைத்த மிளகாய் விழுது, வெந்த உருளைக்கிழங்கு, மேலே எலுமிச்சை. அந்தச் சீனர் மீயை இறக்கிவிட்டு எங்கள் கடையிலேயே உட்கார்ந்து, தான் கொண்டுவந்த மீயை எங்கள் மசாலாவில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். அத்தா ஒருநாளும் அவரிடம் காசு வாங்கியதில்லை.

மலாக்கா மருமகள்:
நான் கல்யாணமாகிப் போனது மலாக்கா செட்டி குடும்பத்துக்கு, காஜா பெராங்கில். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்குள்ள பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழர்களின் வம்சம். 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையதுதான், ஆனால் வீட்டில் பேச்சு மலாய். பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படைக்கிறார்கள். வாழையிலை விரித்து மாமியார் பரிமாறியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேங்காய்ப்பால் சோறு, இறால் சம்பால், பக்கத்திலேயே நம் ஊர்ப் பலகாரம். தமிழ் ஒரு வார்த்தை இல்லாத வீட்டில் அந்த இலை அவ்வளவு தமிழாக இருந்தது.

லயத்துப்பிள்ளை:
தம்பி, அந்த மீக்காரர் சாப்பிட்டுப் போவதை நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது. மருமகளே, அந்தச் சம்பாலின் செய்முறையைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஒன்று மனதை உறுத்துகிறது. தோட்டத்துக்கு வந்தவர்கள், துறைமுகத்துக்கு வந்தவர்கள், நம் எல்லோர் சாப்பாட்டுக்கும் இன்று கடை இருக்கிறது, பெயர் இருக்கிறது. காட்டைத் தெரிந்தவர்களுக்கு? போன பழக்காலத்தில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பழைய சாலையில் போனேன். ஓரத்தில் மூங்கில் கொட்டகை போட்டு ஒரு செமாய் பெண் பெத்தாய் விற்றுக்கொண்டிருந்தாள், இருபது வயதுகூட இருக்காது. ஊரை ஒட்டி இருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள், இப்போது அப்பா பாதி நாள் நடந்து போய்த்தான் பறித்து வருகிறார் என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று கட்டு வாங்கினேன், மேலே ஒரு பிடி பாக்கு கீரையை அவளாகவே வைத்துக் கட்டிக் கொடுத்தாள், காசு வேண்டாம் என்று கையை ஆட்டினாள். காரில் ஒரு பொட்டலம் நெத்திலி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் போனால் அவர்களிடம் நிறுத்தி வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.